கொல்கத்தா கால்பந்தில் அணிமாற்றம்

கொல்கத்தாவின் மூன்று பெரிய கால்பந்துக் கழகங்கள் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். ஒன்றின் ஆட்டக்காரரை மற்றொன்று தன் பக்கம் இழுக்க இவை ஆண்டுதோறும் போட்டி போட்டன. வங்காளிகள் இதை ‘தொல்பொதல்’ என்பார்கள். லீக் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்கள்தான் இதற்கான காலம். பேரம், பதுக்கல், ஆள்காவல், கடைசி நேரத்தில் மனம் மாறுதல் என எல்லாக் கூத்தும் அந்த வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். 1990-களின் நடுப்பகுதி வரை இந்தியக் கால்பந்தின் பெரிய சந்தை இதுதான்.

இத்தனைக்கும் அடிப்படை, நீண்ட கால ஒப்பந்தம் இல்லாததுதான். அந்நாளில் ஆட்டக்காரர் ஓர் ஆண்டுக்கு ஒரு கழகத்தின் பெயரில் பதிவு செய்துகொள்வார். அந்த ஆண்டு முடிந்தால் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இந்தியக் கால்பந்துச் சங்கமான ஐ.எஃப்.ஏ.வின் அலுவலகம் கொல்கத்தா சூட்டர்கின் தெருவில் இருக்கிறது. அங்கே வந்து போட்ட கையெழுத்து ஒன்றுதான் அன்று செல்லுபடியானது. அதுவரை கொடுத்த வாக்கு, வாங்கிய பணம் எதற்கும் சட்டப்படி மதிப்பிருக்கவில்லை. அதனால் கழகங்கள் ஆட்டக்காரரின் சம்மதத்தைப் பெறுவதோடு நிற்க முடியவில்லை. சம்மதித்த நாளிலிருந்து கையெழுத்து நாள்வரை அவரை யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சிவகாசிப் பட்டாசு ஆலைகளின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். தீபாவளி கழிந்து வேலை தொடங்கும்போது கைதேர்ந்த தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்து நிறுத்திவைப்பார்கள். இன்னோர் ஆலைக்காரர் அந்தப் பாக்கியை அடைத்துத் தம் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். அங்கே முன்பணக் கணக்காவது நோட்டில் ஏறியிருக்கும். கொல்கத்தாவில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான்.

தொடக்கம்

ஐ.எஃப்.ஏ. 1893-இல் அமைந்தது. கல்கத்தா கால்பந்து லீக் 1898-இல் தொடங்கியது. 1911-இல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற காலத்தில் ஆட்டத்துக்குச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. படித்தவர்களும் உத்தியோகக்காரர்களும் மாலையில் வந்து ஆடிவிட்டுப் போனார்கள்.

ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்ததே ஓர் ஆட்டக்காரரை முன்னிட்டுத்தான். 1920 ஜூலை 28 அன்று மோகன் பகானுக்கு எதிராக இறங்கிய ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் சேர்க்கப்படவில்லை. அவர் கிழக்கு வங்கத்துக்காரர். கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி இதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, புதிய கழகம் தொடங்கிவிட்டது.

வெளியூர் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து அணி கட்டும் வழக்கத்தைப் பெரிய அளவில் நிலைநாட்டியது முகமதன் ஸ்போர்ட்டிங். பெங்களூர் உள்படப் பல ஊர்களிலிருந்து முஸ்லிம் ஆட்டக்காரர்களைத் திரட்டிய இக்கழகம் 1934-இல் முதல் டிவிஷனுக்கு ஏறிய ஆண்டிலேயே லீக்கை வென்றது. இந்தியக் கழகம் ஒன்று அந்த லீக்கை வென்றது அதுவே முதல் முறை. 1938 வரை ஐந்து ஆண்டுகள் பட்டத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. தோற்ற கழகங்கள் பாடம் படித்தன: உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் நம்பி இனி வெல்ல முடியாது.

தெற்கிலிருந்து போனவர்கள்

அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர் ஈஸ்ட் பெங்கால் செயலாளர் ஜோதிஷ் சந்திர குகா. ஜே.சி. குகா என்றால்தான் மைதானத்தில் தெரியும். அவருடைய கண் தெற்கு நோக்கி இருந்தது. அப்பா ராவ், சாலே, அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ் ஆகிய ஐந்து தென்னிந்தியர்கள் 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடினார்கள். அப்பா ராவ் காக்கிநாடாக்காரர், சாலே கேரளத்தவர், அகமது கான் பெங்களூர்க்காரர். ரசிகர்கள் இவர்களைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்றார்கள். 1949, 1950, 1951 என மூன்று ஆண்டும் ஐ.எஃப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே போனது. பிரிவினையால் ஊரை இழந்து வந்த கிழக்கு வங்க அகதிகளின் பெருமிதமாக நின்ற அணிக்குக் கோல் அடித்துக் கொடுத்தவர்கள் வங்காளம் பேசத் தெரியாமல் வந்த தெற்கத்தியர்கள் என்பதை வங்காளிகள் இன்றும் வாஞ்சையோடு சொல்வார்கள்.

1957-இல் வந்து சேர்ந்த துளசிதாஸ் பலராமும் இந்த வரிசைதான். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1956, 1960 ஒலிம்பிக்குகளிலும் 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியிலும் ஆடினார். 1961-இல் இவர் தலைமையில் ஈஸ்ட் பெங்கால் லீக்கை வென்றது. ஆட்டத்தை விட்ட பிறகும் வங்காளத்தை விட்டுப் போகாமல் உத்தர்பாராவில் வாழ்ந்து 2023 பிப்ரவரியில் காலமானார்.

குகாவின் வலையில் விழாதவர்களும் உண்டு. மோகன் பகானின் சுனி கோஸ்வாமிக்கு அவர் ஒரு ஃபியட் கார் தருவதாகச் சொன்னதும், சுனி மறுத்ததும் கொல்கத்தாவில் எல்லோரும் சொல்லும் கதை. அந்நாளில் கார் என்பது எத்தனை பெரிய விலை என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்த மறுப்பின் கனம் தெரியும். சுனி கடைசிவரை மோகன் பகானை விட்டு நகரவில்லை. இன்னொரு பெரிய ஆட்டக்காரரான பி.கே. பானர்ஜி மூன்று பெரிய கழகங்களில் எதிலுமே சேராமல் ரயில்வே வேலையோடு ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே இருந்தார். 1958-இல் அந்த அணி லீக் பட்டம் வென்றபோது பெரிய கழகங்களின் பணம் எல்லாம் கைகட்டி நின்றது.

பயிற்சியாளர்களின் காலம்

ஆட்டக்காரராகப் பெரிய கழகம் எதற்கும் போகாத பி.கே., பயிற்சியாளராகப் போனார். 1972 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்காலில் இருந்தார். 1975 கேடய இறுதியில் மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தினார். அடுத்த ஆண்டே தோற்ற அணிக்குப் போய்விட்டார். அந்த இறுதியில் இரண்டு கோல் போட்ட ஷியாம் தாப்பாவும் 1977-இல் அவர் பின்னால் போனார். மோகன் பகான் அந்த ஆண்டு ஐ.எஃப்.ஏ. கேடயம், டூரண்ட், ரோவர்ஸ் மூன்றையும் வென்றது. பணத்தைக் கழகக்காரர்கள் பேசினாலும், ‘அங்கே பி.கே. இருக்கிறார்’ என்பதும் ஒரு தூண்டில்தான்.

ஹைதராபாத்திலிருந்து 1966-இல் வந்த முகமது ஹபீப் மூன்று கழகங்களுக்கும் மாறி மாறி ஆடினார். வேலை தருகிறோம் என்று வந்த நிறுவனங்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு ஆட்டத்தை மட்டுமே தொழிலாக வைத்துக்கொண்டார். இந்தியாவின் முதல் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர் என்று இவரைச் சொல்வது பொருத்தமே. இவரை விசுவாசமற்றவர் என்று யாரும் ஏசவில்லை. சட்டையைப் போட்ட கழகத்துக்கு முழங்கால் தேய ஆடினார் என்பதால் ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அலிகார் மாணவர்கள்

1980-இல் ஈஸ்ட் பெங்காலில் பெரும் பிளவு. நிர்வாகிகளோடு மனக்கசப்பு கொண்ட சுரஜித் சென்குப்தா உள்ளிட்ட ஆட்டக்காரர்கள் கூட்டமாக முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குக் கிளம்பிவிட்டார்கள். அணியே காலி என்ற நிலையில் பி.கே. மீண்டும் ஈஸ்ட் பெங்கால் பொறுப்புக்கு வந்தார். மற்ற கழகங்களிலிருந்து வேண்டிய அளவு ஆட்கள் கிடைக்கவில்லை. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, பல்கலைக்கழக அணிக்காக ஆடிவந்த ஈரானிய மாணவர்கள் மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நஸீரி, மஹ்மூத் கபாஜி ஆகியோரைக் கழகம் அழைத்துவந்தது. ஆள் கிடைக்காத நெருக்கடியில் எடுத்த முடிவு, இந்தியக் கழகக் கால்பந்தின் போக்கையே மாற்றியது. அந்த ஆண்டு ஃபெடரேஷன் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டது. மஜீத் போன்ற ஆட்டக்காரரை மைதானம் அதற்குப் பின் பார்க்கவில்லை என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கல்லூரி மாணவராக வந்தவரைக் கழகம் கொத்திக்கொண்டு போவது அதன் பிறகு வழக்கமானது. நைஜீரியாவிலிருந்து இந்தியாவுக்குப் படிக்க வந்த சீமா ஒகோரி முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் இரண்டிலும் ஆடி, 1991-இல் மோகன் பகானுக்குப் போனார். வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை என்ற மோகன் பகானின் நெடுநாள் கொள்கை அவரோடு முடிந்தது. ஜம்ஷித் கொல்கத்தாவிலேயே குடியேறிவிட்டார். அவர் மகன் கியான் நஸீரி 2022 ஜனவரியில், தந்தையின் பழைய கழகத்துக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். 2024-இல் சென்னையின் எஃப்சிக்கு மாறினார்.

பதுக்கும் கலை

1980-களில் ஆட்டக்காரரை ‘தூக்கும்’ வேலைக்கென்றே கழகங்களில் ஆட்கள் இருந்தார்கள். ஈஸ்ட் பெங்காலில் ஜீபன் சக்ரவர்த்தி, பல்டு தாஸ் ஜோடி இதில் பேர்பெற்றது. 1985-இல் மோகன் பகானிலிருந்து கிரிஷானு டே, பிகாஷ் பாஞ்சி இருவரையும் சேர்த்து ஈஸ்ட் பெங்காலுக்குக் கொண்டுவந்தது இக்காலத்தின் பெரிய வெற்றி. களத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பேசி ஆடுபவர்கள். ஒருவரை மட்டும் எடுத்தால் பாதி விலைதான் என்று தெரிந்தே இருவரையும் எடுத்தார்கள்.

முறை எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். சம்மதம் கிடைத்ததும் ஆட்டக்காரர் வீட்டிலிருந்து காணாமல் போவார். கழகக்காரர் ஒருவரின் வீடு, ஊருக்கு வெளியே ஒரு பங்களா, கடலோர விடுதி என்று இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எதிர்க்கழகத்தார் அவருடைய அம்மாவிடமோ அண்ணனிடமோ போய் உட்கார்ந்துவிடுவார்கள். கையெழுத்து நாளன்று சூட்டர்கின் தெருவில் இரு கழக ரசிகர்களும் கூடியிருக்க, பத்துப் பதினைந்து பேர் சூழ ஆட்டக்காரர் உள்ளே போவார். இதைக் கடத்தல் என்று பத்திரிகைகள் எழுதின. பெரும்பாலும் ஆட்டக்காரரே விரும்பி ஒளிந்தார் என்பதுதான் உண்மை. விலை ஏறுவது அவருக்கும் நல்லதுதானே.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ வேறு ஆட்டம்; அங்கே இந்த வேலையைப் பயிற்சியாளரே செய்கிறார். அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த ஜிம் ஹார்பா 2016 ஜனவரியில் ஒரு பள்ளி மாணவனைத் தம் பக்கம் இழுக்க அவன் வீட்டிலேயே இரவு தங்கினார். 2018 அக்டோபரில் அணிமாற்றத்துக்கான இணையப் பதிவேடு அங்கே நடைமுறைக்கு வந்தது. 2021-இல் ஓராண்டு காத்திருக்காமல் மாறலாம் என்றும், மாணவர் தம் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. அதன் பின் வேறு கல்லூரியில் ஆடிப் பழகியவரை இழுப்பது, பள்ளி மாணவரைத் தேடுவதற்கு இணையான வேலையாகிவிட்டது. கொல்கத்தாவின் ஓராண்டுப் பதிவு முறையை அமெரிக்கர்கள் பல பத்தாண்டு தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் ஆட்டக்காரரை இழுக்கும் கயிறு வேலைதான். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, காவல்துறை ஆகியவற்றின் அணிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தந்து ஆள் சேர்த்தன. நிரந்தர வேலை கிடைத்தவர் எளிதில் அணி மாறமாட்டார் என்பதால் கொல்கத்தாவைப் போல ஆண்டுக்கு ஒரு சந்தை இங்கே உருவாகவில்லை. மீறிப் போனவர்கள் ராமன் விஜயன், தஞ்சாவூர் குலோத்துங்கன் போன்ற சிலர். 2003-இல் ஆசியான் கழகக் கோப்பை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் குலோத்துங்கன் இருந்தார். சென்னையின் நந்தகுமார் சேகர் 2023-இல் ஒடிசாவிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறி, ஆகஸ்ட் 12 அன்று மோகன் பகானுக்கு எதிராகப் போட்ட ஒரே கோல், அந்த அணியிடம் ஈஸ்ட் பெங்கால் கண்டுவந்த தொடர் தோல்விகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

கல்லூரி அளவில் இழுப்பு வேறு மாதிரி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இணைந்த விருதுநகர் மாவட்டக் கல்லூரிகள் உள்பட எங்கும், மண்டலப் போட்டிகளில் கண்ணில் பட்ட பையனிடம் பி.டி. சார் பேசுவது சீட்டு, கட்டணச் சலுகை, விடுதி, மெஸ் சாப்பாடு பற்றித்தான். பெற்றோரிடம் பேசுவது பின்னால் கிடைக்கக்கூடிய வேலையைப் பற்றி. கொல்கத்தாவுக்கு உண்மையிலேயே பக்கத்தில் நிற்பது கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் கபடி, கைப்பந்துப் போட்டிகள். சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம் பக்கத்துக் கிராமங்களில் ஓர் அணி ஜெயித்துக்கொண்டே போனால் ‘வெளியாள் இறக்கியிருக்கானுக’ என்ற பேச்சு எழும். போக்குவரத்துச் செலவு, சாப்பாடு, கையில் ஒரு தொகை; எழுத்து எதுவும் கிடையாது. அடுத்த வாரம் அதே ஆட்டக்காரர் பக்கத்து ஊருக்காக எதிரே நின்று பாடி வருவார். 2014-இல் புரோ கபடி வந்த பிறகு இந்த ஆட்டத்துக்கும் ஏலம் வந்தது. 2022-இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார்.

ஒப்பந்தம் வந்த பின்

1996-இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியதும் சந்தை கொல்கத்தாவின் கையை விட்டுப் போனது. பஞ்சாபின் ஜே.சி.டி., கேரளத்தின் எஃப்.சி. கொச்சின் போன்றவை நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டன. ‘திமிரு’ படத்தின் வில்லனாகத் தமிழர்களுக்குத் தெரிந்த ஐ.எம். விஜயன் கேரள போலீஸ், மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின் என்று இக்காலத்தின் எல்லா வாசலையும் மிதித்தவர். 2014-இல் வந்த இந்தியன் சூப்பர் லீக்கில் ஆள் எடுப்பு வெளிச்சத்துக்கு வந்தது. 2015 ஜூலை ஏலத்தில் சுனில் சேத்ரியை மும்பை சிட்டி 1.2 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

ஆயினும் பழைய சண்டை போகவில்லை. 2024-இல் தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி, டெல்லி எஃப்சியிலிருந்து நீண்ட கால இரவலில் மோகன் பகானுக்கு ஆடிக்கொண்டிருந்த நிலையில், அந்த ஏற்பாட்டை முறித்துக்கொண்டு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் நிலைக் குழு செப்டம்பரில் அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் ஈஸ்ட் பெங்காலும் டெல்லி எஃப்சியும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.9 கோடி ரூபாய் தர வேண்டும், ஈஸ்ட் பெங்காலும் டெல்லி எஃப்சியும் இரண்டு அணிமாற்றக் காலங்களுக்குப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களிலேயே கூட்டமைப்பு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்று மறுவிசாரணைக்கு ஒப்புக்கொண்டது. அன்வர் அந்தப் பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் சட்டையிலேயே ஆடினார்.