மேட்டில் ஏறக் கியர் எதற்கு? பிரான்சின் சைக்கிள் சாலைகள் உருவான கதை

பிரான்சின் கிராமப்புறப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அலை அலையாகக் கிடக்கும் கோதுமை வயல், நடுவே ஒரு சர்ச் கோபுரம், அதை நோக்கி வளைந்து போகும் ஒற்றைச் சாலை, அதில் இரண்டு பக்கமும் பை தொங்கவிட்ட சைக்கிளில் தலை நரைத்த கணவனும் மனைவியும். பார்க்கும்போது இந்த அமைதி ஆதி காலத்திலிருந்தே அங்கே இருந்தது போலத் தோன்றும். அப்படி இல்லை. அந்த முதியவர்கள் அந்த மேட்டில் இறங்காமல் ஏறிப் போவதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. சண்டை எதைப் பற்றி? சைக்கிளில் கியர் வைப்பது ஆண்மைக்கு அழகா என்பதைப் பற்றி.

முதலில் சாலையைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 1836-இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கிராமமும் தன் எல்லைக்குள் இருக்கும் சாலைகளைப் பராமரித்தே தீர வேண்டும் என்றது அது. பணம் இல்லாதவர்கள் வருடத்துக்கு மூன்று நாள் வரை உடலுழைப்பாகக் கொடுக்கலாம். மண்வெட்டியும் மாட்டுவண்டியுமாக விவசாயிகள் போட்ட சாலைகள்தாம் இன்று சைக்கிள்காரர்கள் கொண்டாடும் சின்னச் சின்னக் கிராமச் சாலைகளில் பெரும்பாலானவை. தானிய வண்டியும் பால் வண்டியும் போவதற்காகப் போட்டவை. அதனால் ஊருக்கு ஊர், பண்ணைக்குப் பண்ணை இணைப்பு உண்டு. பெரிய சாலைக்கே வராமல் நாள் முழுக்கப் போகலாம். 1910-இலிருந்து 1913-க்குள் மிச்செலின் டயர் கம்பெனி நாடு முழுவதற்கும் வரைபடம் போட்டு முடித்தது. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்ற அளவு. கார்க்காரர்களுக்காகப் போட்டதுதான். ஆனால் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அதிகம் அலைந்தவர்களில் சைக்கிள்காரர்களும் உண்டு.

சாலை இருந்தது, வரைபடமும் வந்தது. மேடுதான் பிரச்சினை.

"மலை இல்லையே, மெல்லிய ஏற்ற இறக்கம்தானே" என்று நினைக்கலாம். சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், மலையைவிட இதுதான் ஆளைக் கொல்லும். அறுபது மீட்டர் உயரமுள்ள மேடு ஒன்று பெரிதல்ல. ஒரு நாளில் அப்படிப் பத்து வந்தால் அறுநூறு மீட்டர் ஏறியாகிவிட்டது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சமதளத்துக்கு ஏற்ற ஒற்றை வேகச் சைக்கிள், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் ஐந்தரை மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 30 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது போல முழங்காலில் இறங்கும். ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர் போகும்படி கியர் இருந்தால் அதே வேகத்துக்கு 67 சுற்று. மொத்த உழைப்பு அதேதான், ஆனால் கால் அதைச் சில்லறையாகக் கொடுக்கிறது. கியர் மேட்டைக் குறைப்பதில்லை. மேட்டைத் தவணை முறையில் கட்ட விடுகிறது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டு வாழ்நாள் முழுக்க எடுத்துச் சொன்னவர் போல் த விவி. 1853-இல் தென் பிரான்சில் பேர்ன் என்ற ஊரில் பிறந்தவர். செந்த் எத்தியென் நகரத்தில் பட்டு வியாபாரம். அந்த நகரம் அப்போது ரிப்பனுக்கும் துப்பாக்கிக்கும் சைக்கிளுக்கும் பெயர் போனது. பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து சைக்கிள் தருவித்து விற்கும் கடை வைத்தார். 1887-இல் ஒரு சைக்கிள் பத்திரிகையும் தொடங்கினார். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். பிரான்சில் இன்றும் அந்தப் பெயரில்தான் அவரைத் தெரியும்.

ஊருக்குத் தெற்கே 1161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். அதுதான் அவருடைய பரிசோதனைக் கூடம். அந்தக் காலத்துப் பல கியர்ச் சைக்கிள்களில் மேடு வந்ததும் இறங்கி, சங்கிலியைக் கையால் எடுத்து வேறு பற்சக்கரத்தில் மாட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சங்கிலியை மாற்றும் கருவிகள் பிறகுதான் மெல்ல மெல்ல வந்தன. ஒவ்வொன்றையும் அந்தக் கணவாயில் ஏற்றிப் பார்த்துப் பத்திரிகையில் எழுதினார். பசிக்குமுன் சாப்பிடு, களைப்பு வருமுன் ஓய்வெடு, வீம்புக்காக மிதிக்காதே என்பது அவர் சொன்ன அறிவுரைகளின் சாரம். பெரியவர் சைவ உணவுக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் வாசகர்களில் சிலருக்கு அது பிடிக்கும்!

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் சாதாரண ஆள் இல்லை. ஆன்றி தெகிராஞ்ஜ். 1893-இல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டிச் சாதனை படைத்தவர். பிறகு விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியர். 1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர். அதற்கு முந்தைய வருடம், 1902-இல், பிரான்சின் டூரிங் கிளப் பிரனீஸ் மலையில் ஒரு சோதனை ஓட்டம் நடத்தியது. அதில் மார்த் எஸ் என்ற பெண் மூன்று கியர் வைத்த சைக்கிளில் கால் தரையில் படாமல் மலை ஏறிக் காட்டினார். தெகிராஞ்ஜ் அசையவில்லை. கியர் எல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான், தசையின் பலத்தால் ஜெயிப்பதுதான் அழகு என்ற பொருளில் எழுதினார்.

அவர் தன் பந்தயத்தில் அதை நடத்தியும் காட்டினார். முன்னணி வீரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பற்சக்கரம் வைத்திருப்பார்கள். மலையடிவாரம் வந்ததும் குதித்து இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, பிறகு ஏறுவார்கள். உச்சியில் மறுபடியும் அதே வேலை. 1936-இல் உடல்நலம் கெட்டு தெகிராஞ்ஜ் பொறுப்பை விட்டார். அடுத்த வருடம், 1937-இல்தான் எல்லா வீரர்களுக்கும் கியர் மாற்றும் கருவி அனுமதிக்கப்பட்டது. அதைப் பார்க்க வெலோசியோ இல்லை. 1930-இல், தன் ஊர்த் தெருவிலேயே டிராம் வண்டி மோதி இறந்துபோனார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பந்தயம் மறுத்துக்கொண்டிருந்த அந்த முப்பத்தைந்து வருடமும் சாதாரண ஜனங்கள் காத்திருக்கவில்லை. ஊர் சுற்றும் சைக்கிள்காரர்கள் கியரை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 1923-இல் அவர்களுக்கென்று ஒரு தேசியக் கூட்டமைப்பே உருவானது. வீரர்களைவிடக் குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் நல்ல சைக்கிள் வைத்திருந்த விசித்திரமான காலம் அது.

அவர்களுக்கும் குறையாக இருந்தது ஒன்றுதான், நேரம். 1936 ஜூனில் லியோன் ப்ளூம் அரசு தொழிலாளர்களுக்கு வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் கொண்டுவந்தது. விளையாட்டு, ஓய்வு நேரத் துறையைப் பார்த்துக்கொண்ட இளம் துணை அமைச்சர் லியோ லக்ரான்ஜ் ரயிலில் 40 சதவீதக் கட்டணச் சலுகை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோடையில் டான்டம் எனப்படும் இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்க்கப் புறப்பட்ட ஜோடிகளின் புகைப்படங்கள் பிரான்சில் மிகப் பிரபலம். அவர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் கடல். சைக்கிள் இருந்தால் போதாது, அதில் ஏறிப் போக ஒரு வெறும் திங்கட்கிழமையும் வேண்டும் என்பது முப்பது நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நமக்குச் சொல்லாமலே புரியும்.

போருக்குப் பிறகு கார் வந்தது, கிராமச் சாலையிலும் வேகம் வந்தது. சைக்கிள் சுற்றுலா ஒதுங்கியது. அது மீண்டும் எழ உதவியவர் யாரும் எதிர்பாராத ஒரு ஆள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொதுப்பணி அமைச்சர் சார்ல் த ஃப்ரேசினே. 1879-இல் அவர் இரண்டு வேலை செய்தார். சின்ன ஊர்களுக்கெல்லாம் ரயில் பாதை போடத் திட்டம் கொண்டுவந்தார். கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளுக்கு ஒரே அளவு நிர்ணயித்தார். லாரிகள் பெருகியதும் கிளை ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றன. கால்வாய்க் கரையில் படகு இழுத்த குதிரைகளும் போய்விட்டன. மிஞ்சியவை பாதைகள் மட்டும்.

அந்தப் பாதைகளின் அருமை என்னவென்றால், இரண்டுமே மேட்டுக்குப் பயந்தவர்களுக்காகப் போட்டவை. நூறு மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்தாலே ரயில் திணறும். அதனால் குன்றைச் சுற்றியோ குடைந்தோதான் பாதை போட்டார்கள். கால்வாய்த் தண்ணீரோ மேட்டில் ஏறவே ஏறாது. பாரம் இழுத்த எஞ்சினுக்காகவும் குதிரைக்காகவும் ஏற்படுத்திய சமதளம், நூறு வருடம் கழித்து முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் சொத்தாகக் கிடைத்தது.

1997-இல் பர்கண்டி பகுதியில் ஷிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர் பழைய ரயில் பாதையில் தார் போட்டுக் காரில்லாத வழியாகத் திறந்தார்கள். பிரான்சில் இந்த வகைப் பசுமை வழிகளுக்கு முன்னோடி அதுதான். திராட்சைத் தோட்டங்களின் ஓரமாகப் பழைய ஸ்டேஷன் கட்டிடங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. க்ளூனியைத் தாண்டினால் 1600 மீட்டர் நீளத்துக்குப் பழைய ரயில் சுரங்கம். சைக்கிளிலேயே குன்றின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வரலாம். குளிர்காலத்தில் மட்டும் மூடிவிடுவார்கள், உள்ளே வௌவால்கள் உறங்குகின்றன. அருகே 174 கிலோமீட்டர் நீளமுள்ள நிவெர்னே கால்வாய்க் கரை இருக்கிறது. பாரீசுக்கு விறகு போய்ச் சேர வெட்டிய கால்வாய் அது. மேற்கே லுவார் நதியோரமாகக் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டர் சைக்கிள் வழி போகிறது.

இப்போது இந்த வழிகளில் புதிய சண்டை ஒன்று நடக்கிறது, மோட்டார் துணை உள்ள மின்சார சைக்கிள் பற்றி. "அது ஏமாற்று வேலை, சொந்தக் காலில் மிதிப்பதுதான் சைக்கிள்" என்கிறார்கள் சிலர். 1902-இல் தெகிராஞ்ஜ் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கியரைக் கேலி செய்த பந்தயத்தில் இன்று கியர் இல்லாத சைக்கிள் ஒன்றுகூடக் கிடையாது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு என்று அவர் கேலியாகச் சொன்னதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆமாம், எங்களுக்குத்தான். நாங்களும் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?