கொல்லிமலைப் படங்கள்: முகம் இருக்கு, பேரு எங்கே?

கொல்லிமலை என்றால் சமவெளிக்காரர்களுக்கு வல்வில் ஓரி தெரியும். கொல்லிப்பாவை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாயகங்கை அருவி, எழுபது கொண்டை ஊசி வளைவு தெரியும். காலண்டரில் அருவிப் படம் வரும், வளைவுப் படம் வரும். சாமையும் கேழ்வரகும் விதைத்து, மிளகும் பலாவும் அன்னாசியும் விளைவித்து அந்த மலையைக் கட்டிக் காப்பாற்றுகிற சனம் வராது. அவர்களுக்கு மலையாளிகள் என்று பேர். கேரளத்து மலையாளி இல்லை, மலையிலே வாழ்கிற, தமிழே தாய்மொழியான பழங்குடி மக்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இவர்கள்தான். 2011 கணக்குப்படி மாநிலத்தில் உள்ள 7,94,697 பழங்குடிகளில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் மலையாளிகள்.

ஓரிக்குப் பாட்டு இருக்கிறது, சிலை இருக்கிறது. இந்தச் சனத்துக்கு என்ன இருக்கிறது? சில போட்டோக்கள் இருக்கின்றன. அவற்றை யார் எடுத்தார்கள், எதுக்கு எடுத்தார்கள், எடுத்தபின் என்ன செய்தார்கள் என்று கேட்டால் அதுவே ஒரு சரித்திரம். மலைச்சனத்தின் சரித்திரம் மட்டுமில்லை, சேரிச்சனத்தின் சரித்திரமும் அதுதான்.

முதலில் வந்தது வெள்ளைக்காரன் கேமரா. 1857 கலகத்தில் அரண்டுபோன சர்க்கார், ஆளப்படுகிறவன் எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதி போட்டார்கள். சாதிக்கொரு படம், இனத்துக்கொரு படம். ஆள் பேர் முக்கியமில்லை, சாதிப் பேர்தான் முக்கியம். செத்த வண்ணத்துப்பூச்சியைக் குண்டூசியில் குத்திக் கீழே பேர் எழுதுகிற மாதிரிதான்.

சென்னை ராஜதானியில் இந்த வேலையைப் பார்த்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1909இல் ரங்காச்சாரி துணையோடு 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற ஏழு தொகுதிகளைக் கொண்டுவந்தார். ஒரு கையில் கேமரா, ஒரு கையில் அளவுகோல். மண்டையை அளந்தார், மூக்கின் அகலத்தை அளந்தார், உயரத்தை அளந்தார். அளக்கப்போன இடத்தில் நடந்ததை அவரே முன்னுரையில் வேடிக்கையாகச் சொல்கிறார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்ல உருப்படியாகப் பார்த்துப் பஞ்சு அடைத்துச் சென்னை மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயந்தார்களாம். நீலகிரியில் போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஓர் இருளர், உயரம் அளக்கிற கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி நிற்கவே மறுத்துவிட்டாராம்.

படித்தவர்கள் இதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். 'விவரம் கெட்ட சனங்க' என்றிருப்பார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்கள் பயந்ததில் என்ன தப்பு? அவர்கள் உடம்பைப் பஞ்சு அடைக்கவில்லை, சரி. உருவத்தைப் பிடித்து, அளவை எழுதி, புத்தகத்தில் அடைத்து வைத்தார்களா இல்லையா? கம்பத்தைக் கண்டு மிரண்ட இருளருக்கும் சர்க்கார் கம்பத்துக்கும் தூக்குமரத்துக்கும் உள்ள சொந்தம் நன்றாகவே தெரிந்திருந்தது.

மலையாளிகளுக்கும் தர்ஸ்டனின் தொகுதியில் இடம் உண்டு. அவர்களுடைய பழங்கதையை எழுதி வைத்திருக்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூணு பேர் கிளம்பினார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் கொல்லிமலைக்கும், சின்னண்ணன் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது கதை. அதை வைத்து, இவர்கள் தோடர் கோத்தர் மாதிரி ஆதிகால மலைக்குடி இல்லை, பிற்காலத்தில் சமவெளியிலிருந்து ஏறிப்போன தமிழர்கள் என்றும் எழுதினார்.

இது பழைய புத்தகச் சங்கதி என்று விட்டுவிட முடியாது. எவன் ஆதிக்குடி, எவன் இல்லை என்று வெளியாள் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற பழக்கம் சாதிச் சான்றிதழ் வரைக்கும் வந்திருக்கிறது. 1989 நவம்பரில் பழங்குடிச் சான்று கொடுக்கும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம், சாமி, சடங்கு, கல்யாணமுறை, சாவுமுறை எல்லாம் விசாரித்துச் சரிபார்க்கச் சொன்னது. போலிச்சான்று வாங்குகிற ஆதிக்கசாதிக்காரனைப் பிடிக்க வந்த ஏற்பாடுதான். ஆனால் நிஜமான பழங்குடியும் அதே கம்பத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. பேருக்குப் பின்னால் 'கவுண்டர்' என்று இருக்கிறதே, பேன்ட் போட்டிருக்கிறானே, இவனைப் பார்த்தால் பழங்குடி மாதிரி இல்லையே என்கிற கேள்விகள் எங்கிருந்து வருகின்றன? பழைய படத்தில் இருக்கிற மாதிரி இடுப்புத் துணியோடு வந்து நின்றால்தான் நம்புவார்களோ? 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம், பழக்கவழக்கப் பரிசோதனை மட்டுமே உரைகல் ஆகாது, பழைய ஆவணங்களுக்குத்தான் கூடுதல் மதிப்பு என்று சொன்னது. சரி, அந்தப் பழைய ஆவணம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கும்? எழுதப் படிக்க விடாத சனத்தின் பெட்டியிலா?

இன்னொன்றும் உண்டு. மலையாளிகளைப் பழங்குடி என்று சொல்கிற பட்டியல் மாவட்டம் பார்த்துப் போட்ட பட்டியல். அதில் பழைய கோவை மாவட்டம் இல்லை. அதனால் 1979இல் அதிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை மலையாளிகளுக்குச் சான்று கிடையாது என்று ஆனது. கொல்லிமலையில் இருந்தால் பழங்குடி, பர்கூர் மலையில் இருந்தால் இல்லை. முகம் ஒன்றுதான், ஆனால் சர்க்கார் கண்ணுக்கு வேற வேற.

இரண்டாவதாக வந்தது மிஷன் கேமரா. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்கிற தம்பதி 1913இல் கல்யாணம் முடித்துக் கொல்லிமலை ஏறினார்கள். வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலில் மலையிலேயே செத்தார். ஈவ்லின் வயசான காலத்திலும் மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராகப் போய், 1974இல் இறந்தார். வாழவந்தியில் புருசன் பக்கத்திலேயே புதைத்தார்கள். மலையிலே வளர்ந்த இவர்கள் மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட். செய்த நல்லதை நாம் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் காலத்து மிஷன் படங்களைப் பாருங்கள். நடுவில் இருக்கிற துரைக்கும் துரைசானிக்கும் பேர் இருக்கும். சுற்றி நிற்கிறவர்கள் 'மலைவாசிகள்', 'பள்ளிப் பிள்ளைகள்'. குதிரையைப் பிடித்தவருக்கும் டோலி தூக்கினவருக்கும் பேர் இருக்காது.

ஈவ்லின் பற்றி அவர் மகன் எழுதிய ஒரு சின்னச் செய்தி உண்டு. கடைசி இருபது வருசம் அந்த அம்மா வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். சித்திரம் படித்தவர், ஆனால் தன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். பெரிய மனசுதான். ஆனால் வேண்டாம் என்று ஒதுக்க முதலில் ஒரு கண்ணாடி கையில் இருக்க வேண்டும். நம் சனங்கள் முகம் பார்க்கிற ஆசையே இப்போதுதானே தீருகிறது?

அந்த ஆசைதான் மூன்றாவது கேமராவை நாமே தேடிப்போக வைத்தது. அது டவுன் ஸ்டூடியோ. சந்தைக்குப் போன கையோடு, கல்யாணம் முடிந்த கையோடு படம் பிடித்துக்கொள்வது. சட்டை இரவல், கடிகாரம் இரவல், பின்னால் இருக்கிற தாஜ்மகாலும் இரவல். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் ஸ்டூடியோவில் செருப்புப் போட்டு, கால்மேல் கால் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அங்கே 'எந்திரிடா' என்று சொல்ல ஆண்டை இல்லை. நம் வீட்டுச் சுவரில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கோட்டும் டையும் போட்ட அம்பேத்கர் படம் மாட்டியிருப்பது சும்மா இல்லை. உடுப்பும் உட்காருகிற விதமும் உரிமை என்று நம் சனங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

படம் எடுக்காமலே செத்துப்போனவர்கள் ஏராளம். 1993இல் சேஷன் தேர்தல் ஆணையராக இருந்தபோது வாக்காளர் அடையாள அட்டைக்கு உத்தரவு வந்தது. நம் கிழவிகள் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அதுதான். விழிச்ச கண்ணும், கலைஞ்ச தலையுமாக ஒரு ஸ்டாம்பு அளவுப் படம். கிழவி செத்ததும் அதைத்தான் பெரிசு பண்ணிப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். சர்க்கார் அடையாளத்துக்கு எடுத்தது குலசாமியாகிப் போனது.

நாலாவது கேமரா செல்போனில் இருக்கிறது. நூறுநாள் வேலையில், 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் நாளைக்கு ரெண்டு தடவை ஆட்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காத மலையில் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் வருகை இல்லை, வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. வெயிலில் மண்ணு வெட்டின உடம்பு சாட்சி இல்லையாம், படம்தான் சாட்சியாம். 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களும், பழைய படத்தையே திரும்பப் படம் எடுத்து ஏற்றியதும் நடக்கிறது என்று ஒத்துக்கொண்டது. வேலை செய்யாதவனுக்குப் படம் சாட்சி சொல்லியிருக்கிறது, வேலை செய்தவளுக்குச் சொல்லவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. 1992 ஜூன் 20ஆம் தேதி தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்து, 18 பெண்களை வல்லுறவு செய்து, ஊரைச் சூறையாடினார்கள். அவர்களும் மலையாளிகள்தான், கொல்லிமலைச் சனத்தின் அண்ணன் தம்பி கூட்டம். 2011 செப்டம்பரில் 269 அரசு ஊழியர்களையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதில் 54 பேர் அதற்குள் செத்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது பெண்களின் வாய்மொழி. எத்தனை மிரட்டினாலும் மாறாத சாட்சி.

ஆகவே படம் மட்டும் போதாது, பேச்சும் சேர வேண்டும். தமிழகத்து ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நம் வீட்டுப் படத்தின் கதையை நாம்தான் சொல்ல முடியும். தகரப்பெட்டியில் கிடக்கிற படத்தை எடுங்கள். பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். இவர் பேர் இது, ஊர் இது, இவருக்கு இன்ன வேலை, இந்தச் சட்டை இன்னாரிடம் வாங்கினது. சொல்லத் தெரிந்த பெரிசுகள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.