கிருஷ்ணராஜபுரத்தின் ஆல்கோ உறுமல்

பெங்களூரு கண்டோன்மென்டுக்கு இருப்புப்பாதை வந்தது 1864-இல். நீராவிக்குப் பின் அந்நகரின் செவிக்குப் பழகிய உறுமல், கிருஷ்ணராஜபுரம் பணிமனையின் ஆல்கோ டீசல் எஞ்சின்களுடையது. மின்மயமாக்கத்தால் அது அருகிவிட்டது. மாதிரி எஞ்சின்களில்தான் இனி அதைத் தேட வேண்டும்.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை ஒட்டி, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் எண்முறைக் கட்டுப்பாட்டைத் தரப்படுத்தியது. எஞ்சினுள் பொதிந்த டிகோடரில், 'சி.வி.' எனப்படும் இடங்களில் 0 முதல் 255 வரையிலான எண்கள் எழுதப்படுகின்றன. ஒலிப் பதிவும் அதே டிகோடரில்தான். ஆல்கோ 1969-இல் எஞ்சின் உற்பத்தியை நிறுத்திய பின்னும் வாரணாசி அதன் 251 வகையைத் தொடர்ந்தது; ஆகவே அமெரிக்கப் பதிவே டபிள்யூ.டி.எம்.-2 மாதிரிக்கும் பெரிதும் பொருந்துகிறது. (ஊதல் பொருந்தாது!) முடுக்கத்தைக் குறிக்கும் சி.வி. 3-இல் சிறிய எண் இருந்தால், உறுமல் எழுமுன்னே வண்டி பாய்ந்துவிடும். உண்மையான ஆல்கோவோ முதலில் உறுமி, கரும்புகை கக்கி, பிறகே மெல்ல நகரும்.