ஓலைக்கட்டும் உறைக்குள் உறையும்

நாஞ்சில் நாட்டின் வரலாற்றை எழுத முற்படுகிற எவரும் அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கடந்து போக முடியாது. நில விற்பனை, வரி, அடிமை விற்பனை என்று ஒரு காலத்து வாழ்க்கையே அவற்றில் இருக்கிறது. அவற்றை வாசித்து ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, பிற்காலத்தில் அ.கா. பெருமாள் அவற்றை நூலாகப் பதிப்பித்தார். ஓலைக்கட்டில் ஒரு வசதி உண்டு. மேலேட்டை மட்டும் பார்க்கிறவனுக்கும் கீழே இன்னும் ஏடுகள் இருப்பதைக் கட்டின் கனம் சொல்லிவிடும். மின்னஞ்சலுக்கு அந்தக் கனம் கிடையாது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

2006-இல், அயல்நாட்டில் இருந்த நாகர்கோவில் நண்பர் ஒருவர் தம் குடும்பத்து வில்லுப்பாட்டு ஏட்டைப் பற்றி எழுதியிருந்தார். மாடன் கோவில் கொடைக்குப் பாடிய கதை, பாட்டனார் கைப்பட எழுதியது. நான் அப்போதும் (இப்போதும்தான்) மட் என்னும் அஞ்சல் வாசிப்பானையே பயன்படுத்தி வந்தேன். கறுப்புத் திரையில் எழுத்துகளை மட்டும் காட்டுவது அது. அடுத்து வந்த மடலில் இரண்டே வரிகள்: ஊருக்குப் போனபோது எடுத்தவை, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எவை? இணைக்க மறந்துவிட்டார் என்று எண்ணினேன். பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். கேட்டுவிட இருவருக்குமே கூச்சம். அவர் இன்று இல்லை. ஏடு இருந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள்.

நடந்தது என்னவென்று விளங்க, மின்னஞ்சலின் பிறப்பு வரை போகவேண்டியிருக்கிறது. 1982-இல் ஜொனாதன் போஸ்டல் வகுத்த அஞ்சல் நெறிமுறை, 7 பிட்டுக்குள் அடங்கும் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே அறியும். அந்தக் குழாயில் தமிழுக்கு இடமில்லை. படத்துக்கும் ஒலிக்கும் இல்லை. இந்த நெருக்கடிக்கு விடையாக நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்னும் முறையை உருவாக்கி, 1992 ஜூனில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச் 11 அன்று, போரன்ஸ்டைன் தாம் பாடிய நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் ஒரே மடலில் அனுப்பிக் காட்டியிருந்தார்.

குழாயை அவர்கள் மாற்றவில்லை. அனுப்புகிற பொருளை எழுத்தாக்கினார்கள். மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகும் பேஸ்64 முறையில் படம் மூன்றில் ஒரு பங்கு பருத்து, வரிக்கு 76 எழுத்தாக நீள்கிறது. கூறுகளுக்கிடையே ஓர் எல்லைவரி. முதல் எல்லைவரிக்கு மேலே எதை எழுதினாலும் புதிய வாசிப்பான் காட்டாது; 'இது பல கூறுகள் கொண்ட மடல்' என்று பழைய வாசிப்பான் வைத்திருப்பவருக்கு அங்கே ஒரு குறிப்பு எழுதிவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த மரியாதை அது.

சிக்கல் வேறோரிடத்தில். கூறுக்குள் கூறு வைக்கலாம், உறைக்குள் உறை போல. அவற்றில் 'மாற்று' என்றொரு வகை: ஒரே செய்தியை வெறும் உரையாகவும் அலங்காரத்தோடும் இரண்டு முறை அனுப்புவது. எளியது முதலில், வளமானது கடைசியில். வாசிப்பான் தன்னால் இயன்றதில் ஒன்றை மட்டும் காட்டும். 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதத் தொடங்கிய மட், இந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. வெறும் உரையைக் காட்டும்படி அதற்குச் சொல்லியிருந்தவன் நான். நண்பர் பயன்படுத்திய மென்பொருளோ படங்களை மடலின் பொதுக்கட்டில் வைக்காமல், அலங்கார வடிவத்தின் உறைக்குள் திணித்திருந்தது. ஒரு கிளையை விலக்கியபோது அதில் தொங்கியதெல்லாம் கூடவே மறைந்துவிட்டது. தொலையவில்லை, காட்டப்படவில்லை, அவ்வளவே.

அண்மையில் பழைய அஞ்சல் கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றும்போது, பட்டியலில் அந்த மடலுக்கு நேரே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் என்ற கணக்கைப் பார்த்தேன். இரண்டு வரி மடலுக்கு! கனம் அங்கேயே, அத்தனை ஆண்டுகளும் எழுதியிருந்தது. பார்க்கத் தெரியாதவன் நான்தான். 'வி' விசையை அழுத்தினால் மட் ஒரு மடலின் கூறுகளை மரக்கிளைபோல விரித்துக் காட்டும். முதலில் வெறும் உரை. அதன் கீழே ஓர் உறை, உறைக்குள் அலங்கார உரை, அதை ஒட்டி வரிசையாக 11 படங்கள். ஒவ்வொன்றாகக் கோப்பில் சேமித்துத் திறந்தேன்.

எழுத்தாளர்களின் கடிதங்களை நூலாக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்தத் தலைமுறையின் கடிதங்கள் அஞ்சல்பெட்டிகளில் கிடக்கின்றன. தொகுப்பாளர் வாசகத்தை மட்டும் வெட்டி ஒரு கோப்பில் ஒட்டிவிட்டு மூலத்தை அழித்தால், என் நண்பரின் மடலிலிருந்து மிஞ்சியிருக்கக்கூடியது அந்த இரண்டு வரிதான். மடல்களைத் தலைப்பு, எல்லைவரி, பேஸ்64 குப்பை உட்பட எம்பாக்ஸ் வடிவில் முழுதாக வைத்திருப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது. என் ஏடு தப்பியது என் அறிவால் அல்ல, எதையும் அழிக்காத சோம்பலால்.

படங்களில் சில மங்கல். ஒன்றில் ஏட்டைப் பிடித்திருக்கும் நண்பரின் கட்டைவிரல் தெரிகிறது. பாடல்களை இப்போது பெயர்த்தெழுதி வருகிறேன்; வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர் உதவுகிறார். பதினோராவது படத்தில், எழுதி முடித்த கொல்லம் ஆண்டு இருக்கிறது. பூச்சி அரித்ததில் கடைசி எண் மட்டும் போய்விட்டது.