ஹெபடோசைட் வளர்ச்சிக் காரணி

நீளமான பெயர், பிரித்தால் எளிது. கிரேக்கத்தில் ‘ஹெபார்’ என்றால் ஈரல், ‘கைடோஸ்’ என்றால் உள்ளீடற்ற கலம். இரண்டும் சேர்ந்த ‘ஹெபடோசைட்’ கல்லீரல் செல்லைக் குறிக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் செல்லைக் ‘கலம்’ என்றே எழுதும். கிரேக்க மூலத்துக்கு அதுவே நெருக்கம்.

எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும், மிச்சமிருப்பது ஒன்றிரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வளர்ந்துவிடும். அப்படி வெட்டப்பட்ட எலிகளின் குருதிநீரில், கல்லீரல் செல்களைப் பெருகத் தூண்டும் பொருள் ஒன்று இருப்பதை 1984-இல் ஜப்பானின் தோஷிகாசு நகமுரா குழு அறிவித்தது. பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.

பெயர் பாதிதான் உண்மை. இந்தப் புரதத்தை ஹெபடோசைட்டுகள் சுரப்பதில்லை. அவற்றின் பக்கத்திலிருக்கும் பிற செல்கள் சுரக்கின்றன. சிறுநீரகத்திலும் நுரையீரலிலும்கூட இதற்கு வேலை உண்டு. செல் கூட்டத்தைக் கலைத்து நகரவைப்பதால் ‘சிதறல் காரணி’ என்று தனியே பெயர் பெற்றிருந்த புரதமும் இதுவேதான் என்று பின்னர் தெரிந்தது.

‘வளர்ச்சி’ என்ற சொல்லும் போதவில்லை. கல்லீரல் செல்களைத் தற்கொலைக்குத் தூண்டும் பிறபொருளெதிரியைச் செலுத்தினால் எலிகள் சில மணி நேரத்தில் கடும் கல்லீரல் செயலிழப்பால் இறக்கும். இந்தக் காரணியைக் கொடுத்தபோது அவை பிழைத்தன. அங்கே அது செய்தது வளர்ப்பு வேலை இல்லை, காவல் வேலை.