இருபது ஆண்டுக் காத்திருப்பு

கொரோனாதான் இந்தியாவுக்குத் தொலைமருத்துவத்தைக் கொண்டுவந்தது என்று பலரும் சொல்கிறார்கள். தேதிகள் வேறு கதை சொல்கின்றன. சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் அப்போலோ குழுமம் செயற்கைக்கோள் இணைப்புடன் நிறுவிய தொலைமருத்துவ மையத்தை அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தது 2000 மார்ச் 24 அன்று. அடுத்த ஆண்டே இஸ்ரோ களத்தில் இறங்கியது. கருவிக்குப் பஞ்சமில்லை, மருத்துவர் நேரில் பார்க்காமல் மருந்து எழுதலாமா என்பதற்குத்தான் சட்டத்தில் தெளிவான பதில் இல்லை. 2018-ல் பம்பாய் உயர்நீதிமன்றம், தொலைபேசியில் சிகிச்சை சொல்லி நோயாளி இறந்துபோன வழக்கொன்றில் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதற்குப் பிறகு, நோயாளி போனில் கேட்டால் மாத்திரை பெயர் சொல்லவே பலர் தயங்கினார்கள்.

ஊரடங்கின் முதல் நாளான 2020 மார்ச் 25 அன்று அந்தக் குழப்பம் தீர்ந்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் இயங்கிய ஆளுநர் குழு, நிதி ஆயோக்குடன் சேர்ந்து தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. பாராசிட்டமால் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம்; சில மருந்துகளுக்கு முதல் முறை வீடியோவில் பார்த்தாக வேண்டும்; போதைத்தன்மையுள்ள மருந்துகள் அறவே கூடாது. சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். அலுவலகச் சுற்றறிக்கை போல வறண்ட இந்த வரிகள்தான் உண்மையான திருப்பம். ஏப்ரலில் இ-சஞ்சீவனியின் இணையவழிப் புறநோயாளர் சேவை வந்தது. செல்பேசி எண், ஓடிபி, டோக்கன், பிறகு திரையில் மருத்துவர். தொடக்க மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது.

மலிவான டேட்டாவும் ஸ்மார்ட்போனும் இல்லாவிட்டால் நெறிமுறை வந்தும் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவை 2016-க்குப் பின் பரவலாகிவிட்டன. நெறிமுறையோ 2020 வரை வரவில்லை. போதாததற்கு, அது சாதாரணத் தொலைபேசிப் பேச்சையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஸ்மார்ட்போனே வேண்டாம். வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்காமல் என்ன வைத்தியம் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். நெறிமுறை அதை மறுக்கவில்லை. தொட்டுப் பார்க்க வேண்டிய நோயென்றால் நேரில் வரச் சொல்லும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டது. தவறினால் வழக்கு வரும் என்ற நிலை மாறவில்லை. எது தவறு என்பதை மட்டும் இப்போது முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். அதை எழுதக் கொள்ளைநோய் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை.