ஜீப்புக்குள் டிராக்டர் எஞ்சின்: தாத்தா சொன்னது பொய்யில்லை

இந்த முறை கொஞ்சம் வண்டி வரலாறு. வண்டிப் பைத்தியம் இல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

எங்கள் தாத்தா அடிக்கடி ஒரு கதை சொல்வார். ஐப்பசி மழையில் காட்டுப்பாதையில் மாட்டிக்கொண்ட லாரியை ஒரு பழைய ஜீப் இழுத்துப் போட்டதாம். "அதுக்குள்ள இருக்கிறது டிராக்டர் எஞ்சின்டா, பின்ன இழுக்காதா?" என்பார். பேரப்பிள்ளைகள் எல்லோரும் சிரிப்போம். டிராக்டர் எஞ்சினைக் கொண்டுபோய் யாராவது ஜீப்பில் வைப்பார்களா? வைத்திருக்கிறார்கள்! அதுவும் கம்பெனியே வைத்திருக்கிறது.

முதலில் எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி வட்டாரக் கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் நீரைக் குடித்து உப்பி, சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய் எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். அதாவது காட்டில் வேலை இருக்கும் மாதங்களில்தான் காட்டுக்குப் பாதை இருக்காது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிக்கு இங்கே மதிப்பு வந்தது இதனால்தான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1945-ல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் மஹிந்திரா & மஹிந்திரா ஆனது. அது 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கே பல ஆண்டுகள் ஓடிய சிஜே-3பி ஜீப்பே ஒரு எஞ்சின் மாற்றத்தில் பிறந்ததுதான். 1953-ல் அமெரிக்காவில் வந்த அந்த வண்டிக்கு 'ஹரிகேன்' என்ற 2199 சிசி பெட்ரோல் எஞ்சின். பழைய எஞ்சினை விட உயரம் அதிகம், பானெட் மூடவில்லை. பானெட்டையே தூக்கிக் கட்டிவிட்டார்கள்! அந்த ஜீப்பின் தூக்கலான முகத்துக்குக் காரணம் அதுதான்.

1965-ல் மஹிந்திரா எஃப்சி-150 என்ற மூக்கில்லாத பிக்கப்பைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் நாலு சக்கர இழுவையோடு விற்ற வண்டி. ஓட்டுநர் கிட்டத்தட்ட எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருப்பார். அதிலும் அதே பெட்ரோல் எஞ்சின்தான்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கு. பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்களுக்கு அது யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

வழி பக்கத்திலேயே இருந்தது. 1963-ல் மஹிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் வோல்டாஸும் சேர்ந்து ஒரு டிராக்டர் கம்பெனி தொடங்கியிருந்தன. அதன் பி-275 டிராக்டரை கிராமங்கள் நன்றாக அறியும். அந்த டிராக்டர் எஞ்சின் வழியில் வந்த எம்டி-2350 டீசல் எஞ்சினை 1975-ல் சிஜே-500டி ஜீப்பிலும் எஃப்சி-260 பிக்கப்பிலும் பொருத்தினார்கள். அளவு 2350 சிசி. ஆக, தாத்தா சொன்னது பொய்யில்லை.

பெரிய எஞ்சின் என்றால் பறக்கும் என்று நினைக்காதீர்கள். குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினை விடக் குறைவு. ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே இழுவிசை முழுதாகக் கிடைக்கும். சகதியில் வேண்டியது அதுதான். விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. சுற்று குறைந்தால் அதே கியரில் வேகமும் குறையும். கனத்த எஞ்சினின் சுமை முன்பக்க ஸ்பிரிங் மேல் விழும். அதிர்வோ உட்கார்ந்திருப்பவரின் எலும்பு வரை போகும்.

அதனால் 1979-ல் பிரான்சின் பெஜோவுடன் ஒப்பந்தம் போட்டு எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். 2112 சிசிதான், ஆனால் இன்னும் வேகமாகச் சுற்றும். எண்பதுகளில் வந்த எம்எம்-540 ஜீப்பில் இருந்தது இதுதான். கடைசியில் ஜெயித்தது பெரிய எஞ்சின் அல்ல, பொருத்தமான எஞ்சின்.

கம்பெனி செய்ததை ஊர்ப் பட்டறைகளும் செய்தன. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலை ஏற்றினார்கள். கியர்பாக்ஸோடு சேர்க்க இடையில் வைக்கும் தகடு லேத்தில் கடைந்து வந்தது. இன்று யாராவது இப்படி ஆசைப்பட்டால் ஒரு வார்த்தை: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி எஞ்சின் மாற்ற முன் அனுமதி வேண்டும், ஆர்சி-யிலும் பதிய வேண்டும். இல்லையென்றால் விபத்து நடக்கும் அன்று இன்சூரன்ஸ் கைவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு தாத்தாவிடம் போய், "நீங்க சொன்னது நிஜம்தான் தாத்தா" என்றேன். "புஸ்தகத்துல போட்டாத்தான் நம்புவியாக்கும்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கதை சொல்லும் பெரியவர் இருந்தால், சிரிப்பதற்கு முன் ஒருமுறை தேடிப் பாருங்கள்.